லிங்கன் ஹைவே எங்கயும் போகலைங்க, ரூட் 27ங்கிற பேர்ல எங்க ஊர்லதான் இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல அமெரிக்காவோட பழைய லிங்கன் ஹைவே பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். நல்ல கட்டுரைதான், இந்த மாதிரி விஷயத்தை எல்லாம் தமிழ்ல எழுத ஆள் இருக்காங்களேன்னு சந்தோஷமாவும் இருந்துச்சு. ஆனா கடைசில, நியூயார்க்ல இருந்து சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் 1913ல புதுசா ரோடு போட்டாங்க, இப்போ அந்த ரோடு இல்லன்னு ரெண்டே வரில முடிச்சிட்டாங்க பாருங்க, அங்கதான் மனசு கேக்கல. புதுசா போடவும் இல்ல, இல்லாம போகவும் இல்ல. நியூஜெர்சில எடிசன், ஐசலின் பக்கம் குடியிருக்குற உங்க வாசகர்கள்ல பல பேர் பால் வாங்க, பிள்ளைங்கள டியூஷன்ல விட, மெட்ரோபார்க்ல ட்ரெயின் பிடிக்கன்னு தினம் போறதே அந்த ரோட்டுலதான். எங்க ஊர்ல கடை போர்டுலயே லிங்கன் ஹைவேன்னு அட்ரஸ் போட்டிருக்கும், நம்மாளுங்க யாரும் அத படிக்கிறதில்ல, ஜிபிஎஸ் ரூட் 27னு சொல்லுது, அதோட சரி.

முதல்ல அந்த "போட்டாங்க" விஷயம். 1912ல இண்டியானாபொலிஸ்ல கார்ல் ஃபிஷர்னு ஒருத்தர், கார் முன்விளக்குக்கு கேஸ் சிலிண்டர் வித்து சம்பாதிச்சவர், அந்த ஊர் ரேஸ் டிராக்க ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், கார் கம்பெனிக்காரங்கள டின்னருக்கு கூப்பிட்டு, ஒரு கோடி டாலர் நீங்க எல்லாரும் சேர்ந்து குடுங்க, அந்த காசுல ஜல்லி சிமெண்ட் வாங்கி குடுத்துடலாம், வழில இருக்குற ஊர்க்காரங்க ஆள் வெச்சு ரோடு போட்டுக்கட்டும், 1915ல சான் பிரான்சிஸ்கோல நடக்கப்போற உலக கண்காட்சிக்கு எல்லாரும் கார்லயே போய் இறங்கிடலாம்னு ஒரு போடு போட்டாரு. நிறைய பேர் தரேன்னு சொன்னாங்க. ஹென்றி ஃபோர்டு மட்டும் முடியாதுன்னுட்டாரு. கம்பெனிக்காரன் காசுல ரோடு போட்டு குடுத்து பழக்கிட்டா அப்புறம் ஜனங்க வரிப்பணத்துல ரோடு போடவே மாட்டாங்கங்கிறது அவரோட வாதம். அன்னைக்கு இருந்ததுலயே அதிகமா கார் விக்கிறவரு கைய விரிச்சதுக்கப்புறம் அந்த ஒரு கோடி எங்க சேரும், சேரவே இல்ல. என்னை கேட்டா ஃபோர்டு சொன்னதுலதான் நியாயம் இருந்துச்சு, கடைசில அப்படித்தானே ஆச்சு.

அப்போ 1913ல என்னதான் செஞ்சாங்க? ஜூலை 1ஆம் தேதி டெட்ராய்ட்ல லிங்கன் ஹைவே அசோசியேஷன்னு பதிவு பண்ணாங்க, பேக்கார்டு கார் கம்பெனி தலைவர் ஹென்றி ஜாய் அதுக்கு பிரசிடெண்ட், லிங்கன் பேர வைக்கலாம்னு சொன்னதும் அவர்தான். ஏற்கனவே இருக்குற மாட்டுவண்டி தடம், டோல் ரோடு, ஊர் மெயின் ரோடு எல்லாத்தையும் மேப்புல ஒண்ணோட ஒண்ணு கோர்த்து 3,389 மைலுக்கு ஒரு கோடு இழுத்து, செப்டம்பர்ல இதுதான் ரூட்டுன்னு அறிவிச்சாங்க. அக்டோபர் 31ஆம் தேதி ஊர் ஊரா கொண்டாட்டம். காசு திரட்ட 5 டாலருக்கு ஒரு சர்டிஃபிகேட், கும்பாபிஷேக நன்கொடை ரசீது மாதிரின்னு வெச்சுக்குங்க, அதுல முதல் நம்பர் ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கு. இந்த வில்சன் ஜனாதிபதி ஆகுறதுக்கு முன்னாடி நியூஜெர்சி கவர்னர், அதுக்கும் முன்னாடி பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டி தலைவர், அந்த யுனிவர்சிட்டி கேட் முன்னாடி போற நாசாவ் ஸ்ட்ரீட்தான் லிங்கன் ஹைவே. கட்டுரைல கலிஃபோர்னியா, நெவாடா எல்லாம் வந்துச்சு, நியூஜெர்சின்னு ஒரு வார்த்தைதான் வந்துச்சு, அதான் கொஞ்சம் வருத்தம்.

அசோசியேஷன் சொந்த காசுல காங்கிரீட் போட்டதுன்னு பாத்தா ரொம்ப கொஞ்சம், அதுவும் மேற்க. 'விதை மைல்'னு ஒரு திட்டம், நடுக்காட்டு சேத்துல ஒரே ஒரு மைலுக்கு நல்ல காங்கிரீட் போட்டு விட்டா, அதுல வழுக்கிட்டு போயிட்டு அடுத்த நிமிஷம் சேத்துல இறங்குறவன் உள்ளூர் ஆளுங்கள பிடிச்சு திட்டுவான், அவங்க தானா மிச்சத்தையும் போட்டுக்குவாங்கங்கிற கணக்கு. முதல் விதை மைல் 1914ல இல்லினாய்ல மால்ட்டாங்கிற ஊர் பக்கம். ஆள பாத்து தூண்டில் போடுற வேலைதான், ஆனா வேலை செஞ்சுச்சு. நியூஜெர்சிக்கு அது தேவையே படல, ஏன்னா ரோடு போட மாநில அரசே பணம் குடுக்கலாம்னு 1891லயே சட்டம் கொண்டு வந்த முதல் மாநிலம் இது. அதனால கிழக்க கிளம்பும்போது ஜம்முனு கிளம்பிடலாம், போகப் போகத்தான் வண்டவாளம் தெரியும்.

1916ல வந்த கைடு புக்குல குடுத்த அட்வைஸ் எல்லாம் படிச்சா சிரிப்பு வரும். கடல்ல இருந்து கடல் வரைக்கும் போக 20ல இருந்து 30 நாள் ஆகும், 30 நாள்ல முடிக்கணும்னா தினம் 6 மணி நேரம் சராசரியா 18 மைல் வேகத்துல ஓட்டணும், பகல்ல மட்டும் ஓட்டுங்க. பெட்ரோல் பங்க் எங்க பாத்தாலும் நிறுத்தி டேங்க ரொப்பிக்குங்க, இப்பதான் போட்டோம்னு தாண்டி போயிடாதீங்க. தண்ணி ஓடுற இடம் வந்தா வண்டிய விடுறதுக்கு முன்னாடி நீங்க இறங்கி நடந்து ஆழம் பாருங்க. புது ஷூ போட்டுட்டு வராதீங்க. மண்வெட்டி, கோடாலி, சங்கிலி, ஜாக்கி எல்லாம் எடுத்துக்கங்க, துப்பாக்கி வேணாம். யூட்டா பாலைவனத்துல வண்டி மாட்டிக்கிச்சுன்னா அங்க இருக்குற செடிய வெட்டி தீ மூட்டுங்க, 20 மைல் தள்ளி இருந்தாலும் ஒருத்தர் புகைய பாத்துட்டு குதிரை கட்டிட்டு வருவாருன்னு அவர் பேரோட போட்டிருக்காங்க. இப்போ ரோட்சைடு அசிஸ்டன்ஸ்க்கு போன் பண்ணிட்டு ஹோல்டுல பாட்டு கேட்டுட்டு நிக்கிறப்ப எல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

சரி எங்க ஊர் பக்கம் வரேன். இந்த ரூட் ஒரே கோடா எப்பவும் இருந்ததில்ல, அதுதான் இதுல ருசியே. ரூட் தொடங்குற நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல கிளம்பினா 42வது தெரு கடைசில ஹட்சன் ஆறு, 1913ல அத கார்ல கடக்க பாலமும் இல்ல சுரங்கமும் இல்ல, கார ஃபெர்ரில ஏத்தி வீஹாக்கன்ல இறக்கி, இப்போ பெர்ஷிங் ரோடுன்னு சொல்ற ஏத்தத்துல ஏறி, இப்போ கென்னடி புல்வார்டுங்கிற ரோட்டுல ஜெர்சி சிட்டிக்கு வரணும். 1927 நவம்பர்ல ஹாலண்ட் டனல் திறந்தாங்க, அதுக்கப்புறம் ரூட்ட டனல் வழியா மாத்திட்டாங்க, வீஹாக்கன் அம்போன்னு ஆயிடுச்சு. ஜெர்சி சிட்டில லிங்கன் பார்க் வாசல்ல லிங்கன் தனியா யோசிச்சிட்டு உக்காந்திருக்குற மாதிரி பெரிய வெண்கல சிலை ஒண்ணு 1930ல வெச்சாங்க, இந்தியா ஸ்கொயருக்கு தோசை சாப்பிட போறவங்க கொஞ்சம் தள்ளி போனா பாத்துடலாம். அங்க இருந்து நெவார்க் போறதுக்கு ஹாக்கன்சாக், பசைக் ரெண்டு ஆத்தையும் தாண்டணும். 1932ல தலைக்கு மேல புலாஸ்கி ஸ்கைவே வந்ததும் கார் எல்லாம் மேல போயிடுச்சு, 1934ல இருந்து லாரிக்கு மேல இடம் இல்லன்னுட்டாங்க, அதனால கீழ பழைய லிங்கன் ஹைவேல இன்னைக்கும் லாரி ராஜ்ஜியம்தான். அந்த ரெண்டு ஆத்து பாலத்துக்கும் பேரே லிங்கன் ஹைவே பிரிட்ஜ்தான், ட்ரக் ரூட் ஒண்ணு ஒம்பதுல போனீங்கன்னா அதுமேலதான் போறீங்க.

நெவார்க்ல இருந்து பிரின்ஸ்டன் வரைக்கும் ரூட் 27. ஒரு தடவை ராவேல ஆரம்பிச்சு எங்கயும் திரும்பாம அதே ரோட்டுல போய் பாருங்க, ஊருக்கு ஊர் பேர் மாறும். ராவேல செயின்ட் ஜார்ஜஸ் அவென்யூ, ஐசலின் எடிசன்ல லிங்கன் ஹைவே, மெட்டச்சன்ல மிடில்செக்ஸ் அவென்யூ, ஹைலண்ட் பார்க்ல ராரிட்டன் அவென்யூ, ஆத்த தாண்டினா நியூ பிரன்ஸ்விக்ல ஆல்பனி ஸ்ட்ரீட், அப்புறம் பிரெஞ்ச் ஸ்ட்ரீட். அதத் தாண்டி கிங்ஸ்டன் வரைக்கும் இந்த ரோடுதான் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) எல்லையே, ஒரு பக்க கடை சாமர்செட் கவுண்டி, எதிர்த்த கடை மிடில்செக்ஸ் கவுண்டி. எல்லைய ரோடு மேல போட்டிருக்காங்கன்னா, எல்லை போடும்போதே ரோடு இருந்திருக்குன்னுதானே அர்த்தம். இந்த மண்ணோட பூர்வகுடி லெனாபே மக்கள் நடந்த ஒத்தையடிப் பாதை, அப்புறம் வெள்ளைக்காரன் காலத்துல ராஜா ரோடு, நியூயார்க் பிலடெல்ஃபியா கோச்சு வண்டி எல்லாம் ஓடின பாதை. ஃபிஷர் கூட்டம் டெட்ராய்ட்ல உக்காந்து பேர் மட்டும்தான் குடுத்தாங்க.

எடிசன்ல மென்லோ பார்க் டவர் இருக்குற கிறிஸ்டி ஸ்ட்ரீட் இந்த ரோட்டுலருந்துதான் பிரியுது. தாமஸ் எடிசன் 1876ல லேப் போட்ட இடம், 1879 கடைசி நாள்ல ஜனங்கள கூப்பிட்டு பல்பு எரிய விட்டு காட்டின இடம். ஹைவே வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அவர் வெஸ்ட் ஆரஞ்சுக்கு காலி பண்ணிட்டு போயிட்டாரு, உச்சில பெரிய பல்போட நிக்கிற டவர் 1938ல வந்தது, ஊருக்கு எடிசன்னு பேர் வெச்சதே 1954லதான், அது வரைக்கும் ராரிட்டன் டவுன்ஷிப். ஓக் ட்ரீ ரோட்டுல நகைக்கடை, புடவைக்கடைன்னு பார்க்கிங் தேடி முக்கால் மணி நேரம் சுத்துற நேரத்துல இத பாத்துட்டு வந்துடலாம்.

ஆனா ஒரே ஒரு இடம்தான் போக முடியும்னா கிங்ஸ்டன் பழைய பாலத்துக்கு போங்க. மில்ஸ்டோன் ஆத்து மேல 1798ல கட்டின கல் பாலம், நாலு வளைவு. இப்போ ரூட் 27 பக்கத்துலயே புது பாலத்துல போகுது, பழசுல வண்டி விடறதில்ல, நடந்து போகலாம். கைப்பிடி சுவர்ல ஒரு கல்லுல பிலடெல்ஃபியாவுக்கு 45 மைல், நியூயார்க்குக்கு 50 மைல்னு செதுக்கி வருஷமும் போட்டிருப்பாங்க. காரே கண்டுபிடிக்காத காலத்துல வெச்ச மைல் கல்ல பாத்துட்டுத்தான் 1913க்கு அப்புறம் கார்ல வந்தவனும் போயிருக்கான். இதுக்கு முன்னாடி இருந்த பாலத்த 1777 ஜனவரி 3ஆம் தேதி, பிரின்ஸ்டன் சண்டை முடிஞ்ச கையோட, துரத்திட்டு வர்ற பிரிட்டிஷ் படைய நிறுத்தணும்னு ஜார்ஜ் வாஷிங்டனோட படை ஆளுங்க உடைச்சு போட்டுட்டு போனாங்க. பாலத்துக்கு பக்கத்துலயே பழைய கால்வாயும் அதோட மதகும் இருக்கு, சின்ன பிள்ளைங்கள கூட்டிட்டு போனா கைய பிடிச்சுக்குங்க, ஓரம் வழுக்கும்.

பிரின்ஸ்டன்ல ரூட் 27 முடிஞ்சிடும், அங்க இருந்து ரூட் 206ல லாரன்ஸ்வில் வழியா ட்ரெண்டன். ட்ரெண்டன்ல நடந்தது நியூஜெர்சிக்காரங்களுக்கு நல்லாவே புரியும். முதல்ல டெலவேர் ஆத்த கல்ஹூன் ஸ்ட்ரீட் பாலத்துல தாண்டினாங்க, 1884ல கட்டின இரும்பு பாலம், அதுக்கு டோல். கொஞ்சம் கீழ இருக்குற இன்னொரு பாலத்துல டோல எடுத்துட்டாங்க, உடனே 1920ல அசோசியேஷன் ரூட்டயே அந்த ஃப்ரீ பாலத்துக்கு தூக்கி வெச்சிட்டாங்க. ராத்திரில சிவப்பு எழுத்து எரியுமே, ட்ரெண்டன் தயாரிக்குது உலகம் வாங்கிக்குதுன்னு, அந்த பாலம்தான். டோலுக்கு பயந்து சுத்தி போற பழக்கம் நமக்கு மட்டும் இல்லைன்னு அன்னைக்குதான் நிம்மதியா இருந்துச்சு. பழைய கல்ஹூன் பாலத்துல இப்போ டோல் கிடையாது, இன்னும் கார் ஓடுது.

கட்டுரைல இன்னொண்ணு, 1919ல, பின்னாடி ஜனாதிபதி ஆன ஐசன்ஹோவர் போன ராணுவ வண்டி அணிவகுப்பு லிங்கன் ஹைவேல நியூயார்க்ல இருந்து கிளம்பின மாதிரி ஒரு தொனி வந்துச்சு. அப்படி இல்லைங்க. ஜூலை 7ஆம் தேதி வாஷிங்டன்ல வெள்ளை மாளிகை பக்கத்துல கிளம்பி, மேரிலாண்ட் ஃப்ரெட்ரிக் வழியா பென்சில்வேனியாவுல கெட்டிஸ்பர்க் போய்தான் லிங்கன் ஹைவேய பிடிச்சாங்க. எங்க நியூஜெர்சி பக்கம் அவங்க தலையே காட்டல. 62ஆவது நாள், செப்டம்பர் 6ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ, வழி நெடுக பாலம் உடைஞ்சு, லாரி புதைஞ்சு, மணிக்கு ஆறு மைல் கூட சரியா தேறல. நல்ல ரோடு இருந்த கிழக்கு முனைய விட்டுட்டு மிச்சத்த மட்டும் பாத்த மனுஷன் 1956ல நாடு முழுக்க பெரிய ஹைவே போடுற இன்டர்ஸ்டேட் சட்டத்துல கையெழுத்து போட்டதுல ஆச்சரியம் என்ன இருக்கு.

பேர் போனது எப்படின்னா, 1920கள்ல நாடு முழுக்க இந்த மாதிரி பேர் வெச்ச ரோடு ஏகப்பட்டது ஆயிடுச்சு, ஒரே கம்பத்துல நாலு ரோட்டோட அடையாள கலர் பட்டை, எத பாத்து போறதுன்னு தெரியாது. 1926 நவம்பர்ல அரசாங்கம் எல்லாத்துக்கும் நம்பர் குடுத்துடுச்சு. பென்சில்வேனியாவுல இருந்து வயோமிங் வரைக்கும் பெரும்பாலும் யுஎஸ் 30 ஆச்சு, நியூஜெர்சில போற லிங்கன் ஹைவேக்கு அந்த நம்பர் கிடைக்கல, அதனாலதான் யுஎஸ் 30 பிடிச்சுட்டு போறவங்க எங்க ஊர கண்டுக்கறதே இல்ல, உங்க கட்டுரையாளரும் அப்படித்தான் போயிருப்பாருன்னு நினைக்கிறேன். அசோசியேஷன் கடைய கட்டுறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு நல்ல வேலை பண்ணுச்சு, 1928 செப்டம்பர் 1ஆம் தேதி பாய் ஸ்கவுட் பசங்கள வெச்சு கடல்ல இருந்து கடல் வரைக்கும் ஏறத்தாழ 3,000 காங்கிரீட் கம்பம் நட்டாங்க, லிங்கன் முகம் போட்ட வெண்கல வட்டம், சிவப்பு வெள்ளை நீலத்துல எல் எழுத்து, போற திசைக்கு அம்புக்குறி. ரோடு அகலம் பண்ணும்போது முக்காவாசி போயிடுச்சு.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன், இந்த ரோட்ட பத்தி பேசும்போது எல்லாரும் தேசபக்தி, சுதந்திரம்னு உருகுறாங்க, உங்க கட்டுரைலயும் அது கொஞ்சம் தூக்கல். கார் கம்பெனி, டயர் கம்பெனி, சிமெண்ட் கம்பெனி மூணும் சேர்ந்து பண்ண வியாபாரத்துக்கு லிங்கன் பேர் வெச்சா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்கன்னு அவங்களுக்கு தெரியும். அடிமைகள விடுவிச்சவர் பேர்ல இருந்த ரோடுலயும் கறுப்பின மக்கள் கார்ல போனா எந்த ஓட்டல்ல ரூம் குடுப்பான், எந்த பங்க்ல பாத்ரூம் விடுவான்னு தெரியாது. அதுக்காகவே 1936ல விக்டர் கிரீன்ங்கிறவர் தனியா ஒரு கைடு போட வேண்டி வந்துச்சு, அவர் நியூஜெர்சில ஹாக்கன்சாக்ல தபால்காரரா வேலை பாத்தவர். இதையும் சேர்த்து எழுதினாத்தான் கதை முழுசாகும்.

அதனால என் கோரிக்கை இதுதான். அடுத்த இணைப்புல ஒரு மேப் போடுங்க, ஹட்சன் ஆத்துல இருந்து டெலவேர் ஆறு வரைக்கும் மட்டும் போதும், 1913 ரூட் ஒரு கலர், 1928 ரூட் இன்னொரு கலர், மேல இப்போ இருக்குற ரோடு நம்பர். எங்க பக்கத்து தமிழ் பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் பிள்ளைங்கள எங்கயாவது கூட்டிட்டு போறாங்க, எப்பவும் அதே வாட்டர் பார்க்தான், அந்த மேப் கைல இருந்தா அரை நாள்ல மென்லோ பார்க், கிங்ஸ்டன் பாலம், நாசாவ் ஸ்ட்ரீட் மூணையும் முடிச்சிடலாம், காசும் மிச்சம். கட்டுரையாளர் இந்த பக்கம் வந்தாருன்னா நானே கூட்டிட்டு போய் காட்டுறேன், சனிக்கிழமை காலைல சீக்கிரமா வர சொல்லுங்க, பத்து மணிக்கு மேல ஐசலின் சிக்னல்ல மாட்டினா அப்புறம் வண்டி நகராது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்,
எடிசன், நியூஜெர்சி.